காது இல்லாத கேமரா

தேவசியாச்சன் கேமராவை மோந்து பார்த்தார். பிறகு கவிழ்த்து அடிப்பக்கத்தையும் மோந்தார். ரப்பர் ஷீட்டானாலும் குடைத்துணியானாலும் மாத்திரை அட்டையானாலும், மூக்குக்குப் போகாமல் எதுவும் அவர் பைக்குள் போகாது. கடைக்காரன் ஷைஜு சிரித்தான்.

"என்ன அச்சாயா, மத்தி மீனா?"

"மத்தியா இருந்தா செவுளைத் தூக்கிப் பார்த்திருப்பேன். இதுக்கு எதைத் தூக்கிப் பார்க்கறது? உன் மூஞ்சியைப் பார்த்துத்தான் வாங்கணும். அதான் பயமா இருக்கு."

பாலா டவுனுக்கு எதை வாங்கப் போனாலும் என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொள்வார். விலை படியாவிட்டால் "சாருக்குப் பிடிக்கல" என்று சொல்லி எழுந்து வர அவருக்கு ஒரு சார் வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரன் என்ற முறையில் பல வருடங்களாக எனக்கு நிறையப் பொருள்கள் பிடிக்காமல் போயிருக்கின்றன.

எங்கள் பக்கத்தில் கண்காணிப்புக் கேமரா வாங்க யாரும் கடைக்கு வருவதில்லை. டப்ளினிலிருந்தும் டொரான்டோவிலிருந்தும் பிள்ளைகள் இன்ன மாடல் என்று சொல்லிவிடுவார்கள். ஷைஜு ஏணியோடு வீட்டுக்குப் போவான். அப்பனும் அம்மையும் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வார்கள். தேவசியாச்சனின் மகள் பின்சியும் அயர்லாந்திலிருந்து மாடலைச் சொல்லி அனுப்பியிருந்தாள். அதைத் தன் கண்ணால் பார்க்காமல் வீட்டுக்குள் விட முடியாது என்று அச்சாயன்தான் கிளம்பி வந்துவிட்டார்.

ஷைஜு ஒவ்வொன்றாகப் பெருமை சொன்னான். இது இருட்டிலும் பார்க்கும். இது தலையைத் திருப்பும். இதில் முகத்தின் சுருக்கம்கூடத் தெரியும்.

"சுருக்கம் எதுக்கு? என் மக பார்க்காத சுருக்கமா?"

"இதுல பேசலாம் அச்சாயா. இங்க பேசறது அங்க கேக்கும், அங்க பேசறது இங்க கேக்கும். பின்சி சேச்சி கேட்டது இதைத்தான்."

தேவசியாச்சன் கடைச் சுவர் டிவியில் ஓடிய கேமராப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். அதில் அவரும் நானும் இருந்தோம். இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையை எடுத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"காது இருக்கிற சாமான் வேண்டாம். கண்ணு போதும்" என்றார்.

காது வைத்ததும் வைக்காததும் விலையில் ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஷைஜு சொல்லிப் பார்த்தான். "சாருக்குப் பிடிக்கல" என்று அவர் என்னைக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

அவர் மனைவி ஏலிக்குட்டிச் சேடத்தியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தலை வாரி, பவுடர் போட்டு, வெளுத்த நைட்டியில் முன்வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார். போகிறவர்களுக்குக் கை அசைப்பார். வாயைத் திறந்தால்தான் தெரியும். ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்காரன் வந்தானா என்று கேட்பார். வந்துவிட்டுப் போனான் என்றால் சந்தோஷப்படுவார். உடனே, வந்தானா என்று மறுபடி கேட்பார். என் மனைவியை முதலில் யாரென்று தெரியாமல் பார்ப்பார். பிறகு யாராக இருந்தாலும் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்பார்.

தலை வாருவது தேவசியாச்சன்தான். வகிடு எப்போதும் கொஞ்சம் இடப்பக்கம் போய்விடும். சமையலும் அவர்தான். அறுபது வயது வரை அடுக்களையில் தண்ணீர்கூட மொண்டு குடிக்காத மனிதர் இப்போது மீன்குழம்பு வைக்கிறார். எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வரும். "ஏலிக்குட்டி வெச்சது" என்று கொடுப்பார். குடம்புளி பல்லைக் கூசவைக்கும். சேடத்தியின் கைப்பக்குவம் தெரிந்த என் மனைவி கிண்ணத்தைக் கழுவி, அதில் நாலு வாழைப்பழத்தை வைத்துத் திருப்பிக் கொடுப்பாள். தேவசியாச்சன் தோட்டத்துப் பக்கம் போகும்போது கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி மடியில் முடிந்துகொள்வார். குனிந்து கொட்டாங்கச்சியில் பால் பார்க்கும்போது அது மடியில் துருத்திக்கொண்டு நிற்கும்.

பின்சிக்கு இதெல்லாம் தெரியாது. அல்லது பாதி தெரியும். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அவள் நர்ஸ். மறதி வந்தவர்களைப் பார்த்துக்கொள்வதே அவளுக்கு வேலை. போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, என் முன்னால்தான் அப்பனிடம் சொன்னாள். அம்மச்சிக்கு ஆள் தெரியாமல் போகிற அன்றைக்கு இனி வீட்டில் வைத்திருக்க முடியாது. கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஓர் இல்லத்தில் பேசி வைத்திருக்கிறாள். அங்கே பெண்களை மட்டும்தான் சேர்ப்பார்கள். அப்பச்சன் அவளோடு அயர்லாந்துக்கு வந்துவிட வேண்டும். அதட்டிச் சொல்லவில்லை. சொல்லும்போது அவர் சட்டையில் அறுந்து தொங்கிய பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை. தேவசியாச்சனும் தப்பு என்று சொல்லவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து தாங்கள் தனித்தனி வீட்டில் தூங்கியது பிரசவத்துக்கு அனுப்பினபோது மட்டும்தான் என்று, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு பின்சி போனில் கூப்பிடும்போதெல்லாம் சேடத்தி குளித்துக்கொண்டிருந்தார். குளிக்காத நேரத்தில் மாதா கோவிலுக்குப் போயிருந்தார். "ஒரு நாளைக்கு எத்தனை குளியல் அப்பச்சா? அம்மச்சி என்ன வாத்தா?" என்று ஒருநாள் கேட்டாள். அடுத்த வாரம் கேமரா பேச்சு வந்தது.

அதனால்தான் தேவசியாச்சன் கண் மட்டும் போதும் என்றார். படத்தில் சேடத்திக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் ஷைஜு கடையிலிருந்தே பின்சியைக் கூப்பிட்டுவிட்டான். காது இல்லாத கேமரா இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றாள் அவள். ஒன்றிலாவது பேசக் கேட்க வசதி இருக்க வேண்டும், இல்லையென்றால் நானே லீவு போட்டு வருகிறேன் என்றாள். "நீ எதுக்கு மோளே அலையற" என்று இவர் அவசரமாகச் சொன்னார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காது வைத்த கேமராவைக் கையில் எடுத்து நெடுநேரம் வைத்திருந்தார். இந்த முறை மோந்து பார்க்கவில்லை.

மறுநாள் ஷைஜு ஏணியோடு வந்தான். வாசலுக்கு ஒன்று, முன்வராந்தாவுக்கு ஒன்று. இரண்டும் ஊமை. அடுக்களையில் வேண்டாம், கருவாட்டுப் புகை கண்ணைக் கெடுத்துவிடும் என்றார். கேமராவின் கண்ணையா என்று ஷைஜு கேட்டான். காது வைத்ததை எங்கே மாட்டுவது என்றதும் உள் அறைக்குக் கூட்டிப்போய், இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு எதிர்ச்சுவரைக் காட்டினார்.

"பிரார்த்தனை பண்ற இடத்துலயா? இங்க எவன் அச்சாயா திருட வருவான்? கர்த்தரைத் தூக்கிட்டுப் போகவா?"

"நீ ஆணி அடி."

ஷைஜு போன பிறகுதான் என்னிடம் வாய் திறந்தார்.

"அந்த அறையில மட்டும் அவ முழுசா இருக்கா, சாரே."

அது உண்மை. முட்டி போட்டு ஜெபமாலையைக் கையில் எடுத்தால் சேடத்திக்கு ஒரு சொல் பிசகாது. மன்றாட்டு மாலையில் மாதாவின் பெயர்கள் அத்தனையும் வரிசை குலையாமல் வரும். பாதியில் தடுக்கிக்கொள்வது தேவசியாச்சன்தான். அப்போது சேடத்தி அவரை ஓரக்கண்ணால் முறைப்பார். அந்த முறைப்பு பழைய முறைப்பு.

கணக்கு பலித்தது. பின்சி வேலை இல்லாத நாள்களில் சாயங்காலப் பிரார்த்தனைக்குக் கேமரா வழியாக வந்தாள். சுவரிலிருந்து வந்த குரலைப் பற்றிச் சேடத்தி ஒன்றும் கேட்கவில்லை. பிரார்த்தனைக்கு வந்த யாரோ ஒருத்தி, அவளும் சேர்ந்து சொல்லட்டும். முடிந்ததும் தேவசியாச்சன் சட்டென்று சேடத்தியின் கையைப் பிடித்து, கஞ்சி ஆறுகிறது என்று சொல்லி வெளியே அழைத்துப் போய்விடுவார். அம்மச்சி நான் பயந்த மாதிரி இல்லை, தெளிவாகத்தான் இருக்கிறார் என்று பின்சி எனக்கே செய்தி அனுப்பினாள். தேவசியாச்சனின் நடையில்கூட ஒரு மிதப்பு வந்தது. ஒரு பிளம்பரை என் உதவி இல்லாமல் பேரம் பேசித் துரத்தினார்.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை எங்களையும் பிரார்த்தனைக்குக் கூப்பிட்டார். பின்சியும் சுவரில் இருந்தாள். சேடத்தி நடத்தினார். மணி உருள்வதுபோல ஒவ்வொரு சொல்லும் உருண்டு வந்தது. பிரார்த்தனை முடிந்ததும் இளையவர்கள் பெரியவர்களுக்குக் கை கூப்பி, மிசிஹாவாகிய கிறிஸ்துவுக்கு ஸ்துதி சொல்வதும், பெரியவர்கள் பதில் ஸ்துதி சொல்வதும் இங்கே வழக்கம். பதில் வாங்காமல் பிள்ளைகள் சாப்பிடப் போவதில்லை.

"மிசிஹாவுக்கு ஸ்துதி, அம்மச்சி" என்றாள் பின்சி.

"இப்பவும் எப்பவும் ஸ்துதி" என்றார் சேடத்தி.

தேவசியாச்சன் எழுந்து அவர் கையைப் பிடிக்க வந்தார். சேடத்தி எழவில்லை. முட்டி போட்டபடியே அவர் பக்கம் திரும்பி, விரல் நுனிகள் சேரக் கை கூப்பினார். முகத்தில் சிறுபிள்ளையின் கவனம்.

"மிசிஹாவுக்கு ஸ்துதி, சாச்சா. நாளைக்கு நான் அண்ணன்கூடப் போகமாட்டேன். அவன் ஆத்துல இறக்கி விட்டுடறான். நீங்களே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

சாச்சன் என்றால் சேடத்தியின் அப்பா. அவரை அடக்கம் செய்த வருடம்தான் நான் இந்த ஊருக்கு வந்தேன்.

சுவரிலிருந்து பின்சியின் குரல் வந்தது.

"அப்பச்சா, அம்மச்சி யார்கிட்டப் பேசறாங்க?"

அவருக்குச் சொல்லத் தெரியாதா? விளையாடறா மோளே என்று சொல்லியிருக்கலாம். கஞ்சி ஆறிவிடும் என்றிருக்கலாம். ஏதாவது ஒரு குளியல் கிடைத்திருக்கும். அவர் ஒரு தடவை கேமராவைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். சேடத்தி கூப்பிய கையை இறக்காமல், பதில் வராததால் கண் கலங்கத் தொடங்கி, அண்ணாந்து காத்திருந்தார்.

தேவசியாச்சன் நேராக நின்றார். வலது கையை அந்தக் கோணல் வகிட்டின் மேல் வைத்தார்.

"இப்பவும் எப்பவும் ஸ்துதி, மோளே" என்றார். "சாச்சன் கூட்டிட்டுப் போறேன்."

பின்சி இரண்டு முறை கூப்பிட்டாள். அவர் கையை எடுக்கவில்லை.