அழிக்காமல் இறக்கி வைத்த குரல்

சென்னையில் ஆம்ப்ளிஃபயருக்கு உதிரி வாங்கிக்கொண்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டி அனுப்பம்பட்டில் நின்றபோது போன் வந்தது. எல்லம்மாவின் தம்பி முனுசாமி. "அண்ணா, அக்கா போயிடுச்சுணா" என்றான். எந்த அக்கா என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன். முதலில் காய்ச்சல் என்றார்கள், பிறகு மஞ்சள் காமாலை என்றார்கள், அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பொன்னேரியில் இறங்க மறந்து அடுத்த ஸ்டேஷன் வரை போய்விட்டேன்.

எதிர் வண்டிக்காக அங்கே நிற்கும்போதே இரண்டாவது போன். எங்கள் குப்பத்துக் கோயில் கமிட்டியின் செயலாளர். "கேள்விப்பட்டியாப்பா? ரொம்ப பேஜாரா போச்சு. கோயிலாண்ட ஒரு இரங்கல் கூட்டம் வெக்கலாம்னு கீறோம். உன் சவுண்டு செட்டு சும்மாதானே கீது? அவ மிக்சிங் பண்ண அம்மன் பாட்டை அன்னிக்குப் போட்டு வுடணும். நினைவு மலரு ஒண்ணு போடுறோம், அதுக்கு நீயே நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுத்துடு." தருகிறேன் என்றேன். கூட்டம் முடிந்துவிட்டது. மலரும் என் வார்த்தை இல்லாமலே அச்சாகிவிட்டது. ஆனாலும் சொன்ன சொல்லுக்காக எழுதுகிறேன். நாலு நல்ல வார்த்தை இதில் எங்கே இருக்கிறது என்று செயலாளரே தேடிக்கொள்ளட்டும்.

குப்பத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் பக்கத்துக் குப்பங்கள் எல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். நானும் அந்தக் குப்பத்தில் பிறந்தவன்தான். பழவேற்காடு கடைத்தெருவில் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறேன், பாட்டு எழுதி மெட்டுப் போடுகிறேன். எல்லம்மா அந்தப் பாட்டுகளை மிக்சிங் செய்தவள். கமிட்டிக்காரர்களே, கூட்டத்துக்கு வைத்த பேனரில் "எல்லம்மா அவர்கள்" என்று போட்டிருந்தீர்கள். உயிரோடு இருந்தவரை அவள் உங்களுக்கு "ஏய், இந்தா பொண்ணு". செத்த பிறகு கிடைத்த அந்த "அவர்களை" நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் அவளை அவள் என்றே எழுதுகிறேன், அவளும் என்னை நீ வா போ என்றுதான் பேசினாள்.

அவள் முதன்முதலில் கடைக்கு வந்தது உறவுக்காரக் குழந்தையின் காதுகுத்துக்கு ஸ்பீக்கர் எடுக்க. நான் டேப்பில், அதாவது பலகை மாதிரியான தொடுதிரைக் கணினியில், ஒரு பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் மேளச் சத்தத்தில் வார்த்தை அமுங்கிப்போனது. மேளத்தைக் குறைத்தால் பாட்டே செத்துவிடுகிறது. பின்னால் நின்றபடி கேட்டுக்கொண்டே இருந்தவள், "இன்னாணா நீ, ஒரு வார்த்தை கேக்கலன்னு பாட்டு பூரா மோளத்தைக் கொறைக்கிற? அந்த எடத்துல மட்டும் அமுக்கேன்" என்றாள். அதற்கு டேப்பிலிருந்த மிக்சிங் மென்பொருளில் வழி இருந்தது. ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் ஒரு கோடு ஓடும். கோட்டைத் தொட்டுப் புள்ளி வைக்கலாம். புள்ளியை ஏற்றினால் அந்த இடத்தில் சத்தம் ஏறும், இறக்கினால் இறங்கும். ஆட்டோமேஷன் என்று பெயர். எனக்கு அன்றைக்குப் பெயர் மட்டும்தான் தெரியும். இரண்டு பேரும் உட்கார்ந்து தப்புத் தப்பாகத் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். காதுகுத்து வீட்டில் ஸ்பீக்கரைக் காணோம் என்று ஆள் விட்டுத் திட்டினார்கள்.

அதற்குப் பிறகு தண்ணீரிலிருந்து ஏறியதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். எல்லம்மாவின் ஆட்கள் ஏரியில் வலை போடுவதில்லை, ஓரத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். இறால் கொம்பு குத்திக் குத்தி அவள் விரல் நுனி தடித்துப்போயிருந்தது. தண்ணீரில் ஊறி வந்தால் கேட்கவே வேண்டாம், டேப் அவள் விரலை மதிக்கவே மதிக்காது. "இதுக்கும் என்னைக் கண்டா எளக்காரம்" என்று திட்டிவிட்டு, விரலை மடக்கி முட்டியால் தொடுவாள். முட்டி பட்டதும் புள்ளி அசையும். புள்ளியில்லாத இடத்தில் முட்டியை வைத்து அழுத்தி இழுத்தால் ஒரு கட்டம் விரியும், உள்ளே அகப்பட்ட புள்ளியெல்லாம் மொத்தமாகச் செலக்ட் ஆகும். "ஏரியிலதான் எங்களுக்கு வலை போட எடம் இல்ல. இங்கயாவது வளைச்சுப் போட்டுக்கிறேன்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குத்தான் சிரிப்பு வராது.

வாய் பெரிய வாய் அவளுக்கு. பல்லவி மூன்று முறை வருகிறதே என்று முதல் பல்லவியின் புள்ளிகளை நகலெடுத்து மற்ற இரண்டிலும் ஒட்டிவிட்டேன் ஒருநாள். டேப்பைப் பிடுங்கிக்கொண்டாள். "மொதோ தபா பாடும்போது அவனுக்கு மூச்சு இருந்துச்சு. மூணாந்தபா வாங்குது. ரெண்டுக்கும் ஒரே கோடா? உனக்குக் காது கீதா, இல்ல கம்மல் மாட்டத்தான் வெச்சிருக்கியா?" என்றாள். கடையில் ரெண்டு கஸ்டமர் நின்றார்கள். மானம் போனது. ஆனால் அவள் ஒவ்வொரு மூச்சுக்கும் தனித்தனியாகப் புள்ளி வைத்து முடித்தபோது பாடியவனே வந்து கேட்டுவிட்டு, "நானா இப்படிப் பாடினேன்?" என்றான்.

இப்போது அம்மன் பாட்டுக்கு வருகிறேன். திருவிழாவில் அம்மனைப் படகில் ஏற்றி ஏரியில் கொண்டுபோகும்போது போடுவதற்குக் கமிட்டி பாட்டுக் கேட்டது. நான் எழுதினேன், எல்லம்மா பாடினாள். அவள் பாடுவாள் என்று யாருக்கும் தெரியாது, எனக்கே அன்றுதான் தெரியும். எங்கள் ஊரில் எந்தப் பாட்டும் கோயிலில் கமிட்டி கேட்டுச் சரி சொன்ன பிறகுதான் ஸ்பீக்கரில் ஏறும். கேட்டார்கள். தலையாட்டினார்கள். கமிட்டித் தலைவர் கண்ணை மூடிக்கூடக் கேட்டார். முடிந்ததும், "யார்ப்பா கொரலு?" என்றார். சொன்னேன்.

கண்ணைத் திறந்துவிட்டார். "மிக்சிங் கிக்சிங் எதுனா பண்ணிக்கட்டும், வேணாங்கல. அம்மன் பாட்டுல கொரல் வோணாம். ஏரித் தண்ணிக்கே முறை வெச்சிருக்கோம்ல, யார் எங்க வலை போடணும்னு? கோயிலுக்கு முறை இல்லியா?" என்றார். அந்த முறை எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நல்ல இடங்கள் எல்லாம் குப்பத்து ஆண்கள் குலுக்கல் போட்டுத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். எல்லம்மாவின் ஆட்கள் பெயர் அந்தக் குலுக்கலில் என்றைக்குமே இருந்ததில்லை. ஓரத்தில் இறங்கித் தடவிக்கொள்ளலாம், அதுவும் குப்பம் முகம் சுளிக்காதவரை. சென்னையிலிருந்து ஒரு பாடகியைக் கூட்டி வந்து அதே மெட்டில் பாட வைத்தார்கள். பாவம், அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். கமிட்டி முன்னால் உட்கார வைத்து எல்லம்மாவிடம், "உன் கொரலை டிலீட் பண்ணிடு" என்றார் செயலாளர். அவள் கட்டம் போட்டு அத்தனை புள்ளியையும் வளைத்தாள், முட்டியால் கீழே இழுத்தாள். பாட்டு ஓடியது. அவள் குரல் இல்லை. "ஆச்சு" என்றாள்.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். இந்தப் பாட்டே இவனுங்களுக்குக் கிடையாது, உள்ளே போய் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று திரும்பினேன். சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீ சண்டை போட்டுட்டு வூட்டுக்குப் போயிடுவ. நாளைக்குத் தண்ணியில எறங்கப் போறது நானும் எங்க நைனாவும்" என்றாள். பிறகு டேப்பை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். கோடு அடியில், தரையை ஒட்டிக் கிடந்தது. ஆனால் மேடு பள்ளம் கலையாமல் அப்படியே இருந்தது. "அழிக்கலணா. எறக்கிதான் வெச்சிருக்கேன். எறக்குனதை ஏத்திக்கலாம். அழிச்சா போச்சு" என்றாள்.

ஏற்றவும் செய்தாள். இது கமிட்டிக்குச் செய்தி, நன்றாகக் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். ஒவ்வொரு திருவிழாவுக்கு முன்னாலும் கடைக்கு வந்து, அந்தப் புள்ளிகளை மொத்தமாக வளைத்து, ஒரு மயிரளவு மேலே நகர்த்துவாள். மயிரளவுதான். "இந்த வருஷம் இவ்ளோ போதும். உஷாராயிடுவாங்க. இன்னும் கொஞ்ச வருஷம் போனா நான்தான் மெயின் கொரலு. அதுக்குள்ள பெருசுங்களுக்கும் காது போயிடும்" என்று விழுந்து விழுந்து சிரிப்பாள். போன திருவிழாவில் தலைவர் என்னிடம் வந்து, "பாட்டு வரவர இன்னாமோ நல்லாயிட்டே போவுதுப்பா, ஸ்பீக்கர் மாத்தினியா?" என்று கேட்டார். ஆமாம் தலைவரே, புதுசு என்றேன். அவள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். தன் குரல் அந்தத் தண்ணீர் மேலே முழுசாகப் போக வேண்டும். அதற்கும் அவசரமில்லை என்றாள். அவசரப்பட்டிருக்க வேண்டும்.

கூட்டத்தன்று ஸ்பீக்கர் கட்டி முடித்துவிட்டு டேப்பைத் திறந்தேன். கோடு பாதிகூட ஏறியிருக்கவில்லை. எல்லம்மாவின் நைனா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் நாற்காலி காலியாகத்தான் இருந்தது, யாரும் கூப்பிடவில்லை. அவரிடம் போய்க் கோட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். "ஏத்தட்டுமா? உங்களைத் தண்ணியில எறங்க வுட மாட்டாங்கன்னுதான் அவ பயந்தா" என்றேன். "எனக்குக் கால் போயிட்ச்சு. பையன் கம்பெனி வேலைக்குப் பூட்டான். அவளும் இனிமே தண்ணியில எறங்கப் போறதில்ல. ஏத்துப்பா" என்றார்.

விரலால் தொடலாம், என் விரலை டேப் மதிக்கும். ஆனாலும் முட்டியை மடக்கித்தான் வளைத்தேன். அத்தனை புள்ளியும் மாட்டியது. மேலே, முழுக்க மேலே இழுத்தேன். சென்னைப் பாடகியின் கோட்டைத் தரைக்கு இறக்கினேன். அழிக்கவில்லை.

தலைவர் பேசினார். நம்ம ஊர்ப் பொண்ணு, நம்ம வீட்டுப் பொண்ணு என்றார். எந்த வீடு தலைவரே, எந்த நடை வரை அவளை விட்டீர்கள்? பேசி முடித்துக் கைகாட்டினார், பாட்டைப் போட்டேன். முதல் அடிக்கு முன்னால் அவள் இழுத்த மூச்சு கூம்பு ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு அவள் வந்தாள். செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்து, "கொறைப்பா, ஜல்தி, தலைவரு பாக்குறாரு" என்றார். ஸ்பீக்கர் புதுசு, எனக்கு இன்னும் பழக்கமில்லை என்றேன்.

கருவாட்டுக் கூடையோடு நின்றிருந்த ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளிடம், "இது வருஷா வருஷம் நம்ம பாட்டுக்குள்ள கேக்குற கொரலுதானேடி? இப்பதான் இன்னா பாடுதுன்னு புரியுது" என்றாள். எல்லம்மாவின் நைனா அதைக் கேட்டார். முதன்முறையாக அப்போதுதான் அழுதார்.

டேப்பை முனுசாமியிடம் கொடுத்துவிட்டேன், அது அவர்கள் வீட்டில் இருக்க வேண்டியது. பாட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது, அவள் வைத்த ஒவ்வொரு புள்ளியோடும். அந்த முதல் மூச்சும் இருக்கிறது. இந்தத் திருவிழாவுக்கு "பழையபடி" பாட்டு வேண்டும் என்று கமிட்டி ஆளனுப்பியிருக்கிறது. பழையபடி கிடையாது. படகில் என் ஸ்பீக்கர்தான் ஏறும் என்றால் அவள்தான் பாடுவாள். வேண்டாமென்றால் அம்மன் சத்தமில்லாமல் போகட்டும்.

இறக்கினதை ஏற்றிக்கொள்ளலாம் என்றாய், எல்லம்மா. ஏற்றிவிட்டேன். இனிமேல் இறக்கச் சொல்கிறவன் என்னிடம் வரட்டும்.