மகளின் ஊரில் எனக்கு ஒரு விடுதி அறை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் உணவகக் கோப்பை கழுவித் தொடங்கி, சொந்தக் கடை திறந்து, வீடு வாங்கி, பதினொரு சொந்தக்காரரைக் கூப்பிட்டு அதே வீட்டில் வைத்து ஆளாக்கினேன். ஒருவரையும் வெளியே தங்க விட்டதில்லை.

போன கோடையில், மகள் குடியேறியிருக்கும் பழைய சந்தை நகரத்துக்கு முதன்முறையாகத் தனியே போனேன். மரச்சட்டம் வைத்த வீடுகள், கல் பதித்த சந்தைச் சதுக்கம் எல்லாம் காட்டினாள். பின்னேரம் என் பெட்டியைச் சதுக்கத்து விடுதியில் இறக்கினாள்.

"உன்ர வீட்டில இடமில்லையோ பிள்ளை?"

"இருக்கப்பா. உங்களுக்கெண்டு தனி அறை எடுத்திருக்கிறன். சந்தோசப்படுவியள் எண்டு நினைச்சன்."

"பெத்த மகள் இருக்க விடுதியில படுக்கிறதோ? ஆக்கள் கேட்டால் சிரிப்பினம்."

அவள் அறைக் கதவின் திறப்பை என் கையில் வைத்தாள். "அப்பா, எங்கட டோர்ட்மண்ட் வீட்டில எப்பவும் ஆக்கள். பள்ளிக்கூடம் முடிக்கிற அபிட்டூர் சோதனைக்கு நான் குளியலறைக்குள்ள இருந்துதான் படிச்சனான். பூட்டுற கதவு அது ஒண்டுதான். நீங்கள் கவனிக்கேல்லை."

கவனிக்கவில்லைதான்.

அவள் போனபின் கட்டிலில் இருந்தேன். மனைவி இறந்தபிறகு என் வீட்டிலும் இதே அமைதிதான். ஆளாக்கிய பதினொரு பேரில் ஒருவரும் வருவதில்லை. அன்று தனக்குக் கிடைக்காத தனி அறையைத்தான் அவள் எனக்குத் தேடி எடுத்துத் தந்திருக்கிறாள். அது விளங்கியதும் கோபம் போனது, தனிமை போகவில்லை.

என் பிழையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அத்தனை சத்தத்துக்குள்ளும் படித்து முடிக்கிற பிடிவாதம் அவளுக்கு என்னிடமிருந்துதான் வந்தது. அதை அவள் ஒருநாள் தன் வாயால் சொல்லவேண்டும்.