செடிக்கா, பூனைக்கா?

ஊரே மரவள்ளி நட்டுப் பிழைத்த ஜப்பான்காரன் ஆண்ட காலம். எங்கள் ஊரான காஜா பெராங்கில், வீட்டுப் பூனை மீனாவின் வயிறு ஊதி, வாந்தியில் புழு வந்தது. மனிதருக்கே மருந்து கிடைக்காத நேரம். தெருமுனைக் கடைப் பாயிடம் பூச்சி மருந்து கேட்டேன். ஒரு பொடியை மடித்துக் கொடுத்தார். கருவாட்டோடு பிசைந்து வைத்தேன்.

மீனா முகர்ந்து பார்க்கும்போதே பாய் மூச்சிரைக்க ஓடிவந்தார். "தங்கச்சி, உங்க வீட்டுல மரவள்ளியே இல்லையே! அது செடிப்பூச்சிக்குப் போடுற விஷம்மா!"

தட்டைப் பிடுங்கினேன். மீனா என் கையெல்லாம் கீறிவிட்டாள். நல்லவேளை, நாக்குப் படவில்லை.

பாய் சொன்னபடி பூசணி விதையை அரைத்துக் கொடுத்தேன். நாலைந்து நாளில் புழு விழுந்தது, வயிறும் வடிந்தது.

இன்றைக்கும் மருந்துக்கடையில் முதலில் "பூனைக்கு" என்பேன். "பூச்சி" என்பது அதற்குப் பிறகுதான்.