வெள்ளைப் பெட்டிக்கு வைத்த பூ

நான் போட்ட முதல் ஓட்டே தப்பான ஓட்டு. யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. நன்றாக யோசித்து, தெருவில் நாலு பேருக்கு எடுத்தும் சொல்லி, நானாகவே பண்ணிய தப்பு.

முப்பதுகளின் கடைசி அது. திண்டிவனத்தில் பஞ்சாயத்து போர்டு தேர்தல் வந்தது. எங்கள் தெருப் பெண்களில் நிறையப் பேருடைய பெயர் அந்தத் தடவைதான் ஓட்டர் ஜாபிதாவில் ஏறியிருந்தது. வரி கட்டுகிறவரின் மனைவி என்று சிலர், எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று சிலர். நான் இரண்டாவது ரகம். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. கடுதாசி படிக்கவும் மனு எழுதவும் தெருவே என்னிடம் வரும். வாயும் எனக்கு நீளம்.

எங்கள் வார்டுக்கு மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் மல்லாட்டை மில்காரர், நிலக்கடலை ஆட்டி எண்ணெய் எடுக்கிறவர். ஏற்கெனவே போர்டில் இருந்தவர். அவர் மில்லின் கழிவுத் தண்ணீர் எங்கள் தெரு வழியாகத்தான் ஓடும், கேட்டால் ஆள் வைத்து அடிப்பார். இன்னொருவர் வக்கீல். நன்றாகப் பேசுவார், மில்காரரை எதிர்க்கத் தெம்புள்ளவர் அவர் ஒருவர்தான் என்று பேச்சு. மூன்றாவதாக நின்றவர் நர்ஸம்மா.

நர்ஸம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கற்றுக்கொண்டு வந்து, ஊரில் சொந்தமாகப் பிரசவம் பார்த்தவர். சேரியில் பிறந்து, கிறிஸ்து வேதத்தில் சேர்ந்த குடும்பம். என் மூத்த பையனை உலகத்துக்குக் கொண்டுவந்த கை அவருடையதுதான். அவரைப் புழக்கடை வழியாக உள்ளே விட்டு, வேலை முடிந்ததும் புழக்கடை வழியாகவே அனுப்புவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதை அப்போது நான் ஒரு குறையாக நினைக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. போர்டு டிஸ்பென்சரியில் பிரசவத்துக்கென்று கதவு வைத்த ஓர் அறை, இரண்டு கட்டில். அது இல்லாததால் குழந்தை குறுக்கே நின்றுவிட்டால் விழுப்புரத்துக்குத்தான் ஓட வேண்டும், ரயிலிலோ கட்டை வண்டியிலோ. வழியிலேயே போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. மில்காரரிடம் இரண்டு வருஷம் கேட்டுப் பார்த்தார். வக்கீலிடமும் கேட்டார். இரண்டு பேருமே "ஆகட்டும்மா" என்றார்கள். அப்புறம்தான் தானே நிற்பது என்று முடிவு பண்ணினார்.

ஓட்டுக் கேட்கிற அன்றைக்கு மட்டும் எங்கள் வீட்டு வாசல் வழியாக வந்தார். வந்தவர் உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றார்.

"ஒன் ஓட்டு வேணும். அத்தவிட ஒன் வாயி வேணும். நீ சொன்னா இந்தத் தெருவே கேக்கும்."

"இன்னா நர்ஸம்மா இப்பிடிக் கேக்கறீங்க, ஒங்களுக்குப் போடாம யாருக்குப் போடுவேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். மல்லாட்டை மண்டியில் குமாஸ்தாவாக இருந்தார், ஊர் நிலவரமெல்லாம் மண்டியில்தான் அலசப்படும்.

"அந்தம்மா நல்லவங்கதான், யாரு இல்லேன்னா? ஆனா அவங்களுக்குப் போடறது கெணத்துல கல்லப் போடற மாதிரி. போட்டி மில்லுக்கும் வக்கீலுக்கும். நீங்க பொம்பளைங்கல்லாம் நர்ஸம்மாவுக்குப் போட்டீங்கன்னா வக்கீல் ஓட்டுதான் கொறையும். மில்லுக்காரன் ஜாலியா ஒக்காந்துக்கினு இருப்பான். அப்புறம் சாக்கடைய மூந்துக்கினு கெடங்க."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. சரியாகப் பட்டது மட்டுமில்லை, அப்படி யோசிப்பதே கெட்டிக்காரத்தனம் என்று பட்டது. ஆசைக்கு ஓட்டுப் போடுவது விவரம் கெட்டவர்கள் வேலை, நாம் கணக்குப் பார்த்துப் போடுகிறவர்கள். மறுநாள் காலையில் கிணற்றடியில் அதை என் சொந்த யோசனை மாதிரியே எடுத்துவிட்டேன்.

"வெள்ளப் பெட்டில போட்டா செகப்புதான் ஜெயிக்கும். பச்சையில போடுங்க."

படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைத்திருந்தார்கள். மில்காரருக்குச் சிவப்பு, வக்கீலுக்குப் பச்சை, நர்ஸம்மாவுக்கு வெள்ளை. கொடுத்த சீட்டை வேண்டியவர் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூன்று பிரசவம் பார்த்தவர் நர்ஸம்மா. அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "பாவம்டி அவங்க. மனசு கேக்கமாட்டேங்குது" என்றாள்.

"மனசு கேக்கலேன்னா வூட்டுக்குக் கூப்ட்டு ஒரு வாய் சோறு போடுக்கா. ஓட்ட வீணாக்காத" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

தேர்தல் அன்று பள்ளிக்கூடத்தில் ஓட்டு. வகுப்பறையில் கோணிப் படுதா கட்டி, அதற்குப் பின்னால் பெஞ்சியில் மூன்று பெட்டிகளையும் வைத்திருந்தார்கள். புதுப் புடவை கட்டிக்கொண்டு, கோயிலுக்குப் போகிற மாதிரிதான் போனோம். என் முறை வந்தபோது மணி பதினொன்று இருக்கும். சீட்டை வாங்கிக்கொண்டு படுதாவுக்குப் பின்னால் போனேன்.

வெள்ளைப் பெட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். அதன்மேல் பூவாகக் கிடந்தது. மல்லி, கனகாம்பரம், ஒரு முழுச் செவ்வரளிக் கொத்து. பெட்டியின் முன்பக்கத்தில் குங்குமம், மஞ்சள், விரல் பட்ட தடங்கள். மற்ற இரண்டு பெட்டிகளும் வெறும் பெட்டிகளாக இருந்தன.

என் மனசு பண்ணின வேலையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. வீட்டிலிருந்து கிளம்பும்போது, நர்ஸம்மாவுக்கு யாரும் போடப்போவதில்லை, நாம் போட்டு என்ன ஆகப்போகிறது என்று வந்தேன். அந்தப் பூக்களைப் பார்த்ததும், இத்தனை பேர் போட்டிருக்கிறார்களே, நம் ஒருத்தி சீட்டு குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஒரு காரணத்துக்கு நேர் எதிரான காரணம் மற்றொன்று. ஆனால் இரண்டும் என் கையைப் பச்சைப் பெட்டிக்கே கொண்டுபோயின.

சீட்டைப் பச்சையில் போட்டேன். பிறகு தலையிலிருந்து ஒரு துண்டு கனகாம்பரத்தைக் கிள்ளி வெள்ளைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். மனசு லேசாகிவிட்டது. நர்ஸம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்றே நிஜமாக நம்பினேன்.

மறுநாள் அங்கேயே எண்ணினார்கள். பெண்கள் நாங்கள் தாழ்வாரத்தில் ஜன்னலோரம் நின்றோம். நர்ஸம்மா உள்ளே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெட்டிகளைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தார்கள். வெள்ளைப் பெட்டியின் பூவும் குங்குமமும் அப்படியே இருந்தன. பூட்டைச் சுற்றிக்கூட யாரோ ஒரு சரம் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் நர்ஸம்மா எழுந்து நின்றுவிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி எங்களைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எங்கள் பிள்ளைகள் நல்லபடியாகப் பிறந்து முதல் அழுகை அழும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு வந்தது.

பெட்டியைத் திறந்து கவிழ்த்தார்கள். நாலு சீட்டு விழுந்தது.

அதிகாரி பெட்டியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார், தட்டியும் பார்த்தார். வேறொன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற பியூன் பூக்களை ஒதுக்கிக்கொண்டே, "பூவ எண்ணியிருந்தா அம்மாதான் ஜெயிச்சிருப்பாங்க" என்றான். உள்ளே ஆண்கள் சிரித்தார்கள். தாழ்வாரத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம், அப்புறம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. முந்தின நாள் ஓட்டுப் போடப் போகும்போது அக்காவின் கொண்டையில் இருந்த செவ்வரளி, திரும்பும்போது இல்லை என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

பச்சைதான் ஜெயித்தது. அதில் பாதிக்குமேல் பெண்கள் சீட்டாகத்தான் இருக்கும் என்று என் வீட்டுக்காரரே சொன்னார். பூ வைத்த கையெல்லாம் சீட்டையும் அங்கேயே போட்டிருந்தால் நர்ஸம்மா ஜெயித்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. தோற்றிருக்கலாம். ஆனால் ஓர் அறைக்காக இத்தனை பெண்கள் நிற்கிறார்கள் என்று வக்கீலுக்குத் தெரிந்திருக்கும். நாலு பேர்தான் நிற்கிறார்கள் என்றல்லவா நாங்கள் சொல்லிவைத்தோம்! அவர் தன் வீட்டுத் தெருவுக்கு ஜல்லி போட்டார், விளக்குக் கம்பம் நட்டார். அறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. சாக்கடையும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து நர்ஸம்மா வந்தார், புழக்கடை வழியாக.

"நாலுல ஒண்ணு என்னுது. ஒண்ணு என் தங்கச்சிது. ஒண்ணு தபால்காரரு, அவரே வந்து சொன்னாரு. நாலாவது யாருன்னு நான் கேக்கவே வேணாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் "ஆமாங்க" என்றேன்.

அந்த நாலாவது ஆள் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் கெட்டிக்காரத்தனத்துக்குக் காது கொடுக்காத யாரோ ஒருத்தி. அவளுடைய ஓட்டையும் அன்றைக்கு நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் நர்ஸம்மா விழுப்புரத்துக்கே வேலைக்குப் போய்விட்டார். பிறகு யுத்தம் வந்தது. யுத்தத்தின் நடுவில் எனக்கு இரண்டாவது பிரசவம். விடியற்காலையில் வலி எடுத்து, குழந்தை குறுக்கே நிற்கிறது என்று தெரிந்ததும், அக்காவும் என் வீட்டுக்காரரும் என்னைப் பாசஞ்சரில் ஏற்றினார்கள். மயிலம் தாண்டி, பேரணி ஸ்டேஷனில் வண்டி நின்றுவிட்டது. மிலிட்டரி வண்டி போக வழி விட வேண்டுமாம். வெயில் ஏறி உச்சிக்கு வருகிறவரை நின்றோம். அக்கா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதற்காக அழுதாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வெள்ளைப் பெட்டியைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தையை எடுத்தார்கள். அது அழவே இல்லை.

கண் விழித்தபோது நர்ஸம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. கூட நின்ற சின்ன நர்ஸிடம், "இவங்க எங்க ஊரு. நான் எலெக்சன்ல நின்னப்ப எனக்கு ஓட்டுப் போட்ட நாலு பேர்ல ஒருத்தங்க" என்று பெருமையாகச் சொன்னார். பிறகு என் நெற்றியைத் தடவிக்கொடுத்தார்.

"அழுவாதம்மா. அந்த ரூமு நம்ம ஊர்ல இருந்திருந்தா இப்பிடி ஆயிருக்காது. நீ இன்னா பண்ணுவ? ஒன்னால ஆனத நீ அன்னிக்கே பண்ணிட்ட."

நான் ஆமென்று தலையை ஆட்டினேன்.