கத்தி தொடாத கோழிக்கடைக்காரன்

மூலக்குளத்தில் பன்னிரண்டு வருஷமாகக் கோழி வெட்டிக்கொண்டிருந்த அம்மாவாசை, 2007 தை மாதம் ஒரு காலையில் கத்தியைக் கழுவித் துடைத்து, பக்கத்து சைக்கிள் கடை ஒசேன் பாயிடம் கொடுத்தான்.

"வீட்ல முழுவாம இருக்காங்க பாய். புள்ள பொறக்குற வரைக்கும் நீங்கதான் அறுக்கணும்."

ஒசேன் ஏன் என்று கேட்கவில்லை. பெண்டாட்டி மாசமாக இருக்கையில் புருஷன் உயிரைக் கொல்லக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். மற்றவர்கள் பாம்பைக் கண்டால் அடிக்காமல் ஒதுங்கிப் போவதோடு சரி. கோழிக்கடைக்காரனால் அப்படி லேசில் தப்ப முடியாது.

அம்மாவாசைக்கு இதில் அரைகுறை நம்பிக்கை கிடையாது, முழு நம்பிக்கை. போன வருஷம் பெண்டாட்டி ஆதிலட்சுமிக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. அதற்கு முந்தின நாள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் ழான்-மரி வீட்டில் பேரனுக்கு ஞானஸ்நான விருந்து. அறுபது கோழி. அத்தனையையும் இவன்தான் வெட்டினான். ஊரான் வீட்டுப் பிள்ளைக்காக அறுபது உயிரை எடுத்தால் தன் வீட்டுப் பிள்ளை எப்படித் தங்கும் என்று முடிவு கட்டிக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

அதனால் இந்த முறை சட்டதிட்டம் கடுமை. வாங்க வந்தவர்கள் கோழியைத் தாங்களே விரல் நீட்டிக் காட்ட வேண்டும். ஒசேன் பிடிப்பார், அறுப்பார். உரிப்பதும் துண்டு போடுவதும் மட்டும் அம்மாவாசை. கொசு விஷயத்தில்தான் குழப்பம் வந்தது. போன வருஷம் சிக்குன்குன்யா வந்து அரை மாதம் படுத்துக் கிடந்தவன் என்பதால் கொசுவோடு அவனுக்குப் பழைய பகை உண்டு. ஆனாலும் அடிக்கவில்லை. துண்டால் விசிறி ஜன்னல் வழியாக அனுப்பினான். அவை அதே ஜன்னல் வழியாகத் திரும்பி வந்தன. சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறினால் டப்பாவை வெயிலில் வைத்து, கடைசி எறும்பு போன பிறகுதான் டீ குடித்தான். ஆதிலட்சுமி பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் மாதம் அவள் சுறாப்புட்டுக்கு ஆசைப்பட்டாள். அம்மாவாசை பெரிய மார்க்கெட்டுக்குப் போய்ச் சுறா வாங்கினான். அது வேறு யாரோ பிடித்துச் செத்தது, கணக்கில் வராது. திரும்பும் வழியில் தாய்க்கோழி ஒன்று எட்டுக் குஞ்சுகளோடு சாலையைக் கடந்தது. வண்டியை நிறுத்தி வழி விட்டான். எல்லாம் போய்விட்டன என்று கிளம்பினான். கடைசிக் குஞ்சு பின்தங்கி வந்தது.

இறங்கிப் பார்த்தான். செய்வதற்கு ஒன்றுமில்லை. தாய்க்கோழி ஏழோடு வேலிக்குள் போய்விட்டது. அதற்கு எண்ணத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து மீன் பையை வைத்ததும், "புள்ள ஒதைக்குதா?" என்று கேட்டான்.

"ஒதைக்குது."

கை கழுவி வந்து கேட்டான். சுறாவை வேகவைத்து உதிர்ப்பதற்குள் நாலு தடவை கேட்டுவிட்டான். தட்டில் சோறு போட்டதும் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஆதிலட்சுமி கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னாத்தக் கொன்னீங்க?"

குஞ்சைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவன் அறுபது கோழியில் போய் முடித்தான். முடிக்கும்போது அழுதான்.

"கோழி ஒண்ணும் புள்ளயக் கொண்டுபோவல," என்றாள் அவள். "கலஞ்ச அன்னிக்கே, துடிப்பு நின்னு பத்து நாளாச்சுன்னு டாக்டரம்மா எங்கிட்ட சொன்னாங்க. அந்த நேரத்துல நீங்க சிக்குன்குன்யாவுல எந்திரிக்க முடியாம கெடந்தீங்க. கடையே தொறக்கல. ஒரு ஈயக் கூட நீங்க கொல்லல."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கோழி மேல பழி போட்டுகினு இருக்கீங்கன்னு கத்தியக் குடுத்த அன்னிக்கே தெரியும். உங்களுக்கு ஒரு காரணமாச்சும் இருந்துச்சு. எனக்கு அதுவும் இல்ல. இருக்கறதையும் ஏன் புடுங்கணும்னு விட்டுட்டேன்."

"அப்பறம் எதனாலதான் போச்சு?"

"தெரியலன்னுதான் அவங்களும் சொன்னாங்க."

தன்மேல் தப்பில்லை என்பது நிம்மதிதான். ஆனால் தப்பே செய்யாமலும் பிள்ளை போகும் என்றால், மிச்சமிருக்கும் நாட்களை எதைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. புட்டைச் சாப்பிட்டான். நன்றாகத்தான் இருந்தது.

கடைக்குக் கிளம்பும்போது கேட்டான். "அப்போ நாளையிலேருந்து நானே அறுக்கட்டா? பாய்க்கும் அவுரு கடை கெடக்குது."

ஆதிலட்சுமி வயிற்றில் கை வைத்தபடி வாசல் வரை வந்தாள்.

"வேணாம்," என்றாள். "பாயே அறுக்கட்டும்."

அவன் போன பிறகு டீ போடச் சர்க்கரை டப்பாவைத் திறந்தாள். எறும்பு. டப்பாவை எடுத்துப்போய் வெயிலில் வைத்தாள். கடைசி எறும்பு இறங்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.