கறிவேப்பிலைக் கூடை

யுத்தம் முடிந்து சில வருடங்களில், மனநலப் பிரிவின் நிர்வாகியாகப் புத்தளத்துக்கு வந்தேன். மாம்புரிப் பக்கம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துவந்தவர் எங்கள் பிரிவின் ஊழியரான ஓர் அம்மாள். மெலிந்த உடம்பு, வெளிறிய முக்காடு, இடுப்பில் எப்போதும் ஒரு பனையோலைக் கூடை. எந்த வீட்டுப் படலையையும் கறிவேப்பிலை கேட்டு வந்தவர் போலத்தான் திறப்பார். உள்ளே போய், மருந்து ஒழுங்காகக் குடிக்கிறார்களா, உறக்கம் வருகிறதா என்று விசாரிப்பார். திரும்பும்போது கூடையில் ஒரு கொத்து இருக்கும். அயலவருக்கு எதுவும் தெரியாது.

எனக்கோ பதிவேடு வேண்டும். கழுத்தில் மனநலப் பிரிவின் பெயர் போட்ட அடையாள அட்டை, வீட்டாரின் கையொப்பம் இரண்டையும் கட்டாயமாக்கினேன்.

“இதப் போட்டுக்கிட்டுப் போனா, அந்த வீட்டுக் குமருக்கு மாப்பிள வராது, சேர்.”

“மேலிடம் ஆதாரம் கேக்குது உம்மா. நான் என்ன செய்ய?”

அட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார்.

முதல் மாதம் பதிவேடு கையொப்பங்களால் நிறைந்தது. அதைக் காட்டித்தான் மாகாணப் பதவிக்கான நேர்முகப் பரீட்சையில் தேறினேன்.

நான் புறப்படும் நாளில் வாழ்த்திப் போக வந்தார். கழுத்தில் அட்டை இருந்தது. கூடை வெறுமையாக இருந்தது.

“என்ன உம்மா, கறிவேப்பிலை இல்லையா?” என்று சிரித்தேன்.

“இப்ப ஆரும் படலை தொறக்கிறாங்க இல்ல, சேர். நீங்க பெரிய எடத்துக்குப் போறீங்க, அல்லாஹ் பறக்கத் செய்யட்டும்.”

அவர் குரலில் கோபமே இல்லை. அந்த உத்தரவை நீக்க ஒருவரிக் கடிதம் போதும். அன்று மாலை நாலு மணிவரை நிர்வாகியின் கதிரையில் நான்தான் இருந்தேன்.