கைகள் மட்டும் தைத்த வருடம்

போன மாதம் அலுவலகத்தில் என் பெயருக்குக் கீழே இருந்த ‘டீம் லீட்’ என்ற இரண்டு சொற்களை எடுத்துவிட்டார்கள். சம்பளத்திலும் ஒரு பகுதியை எடுத்தார்கள். ஆனால் அது எனக்கும் வங்கிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். சொற்கள்தான் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தன. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. லிஃப்டில் யாராவது விசாரிப்பார்கள் என்று படியேறிப் போகிறேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சாப்பிடுகிறேன். வீட்டில் கேட்டால் வேலை அதிகம் என்கிறேன். எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. இந்த ஒளிவுமறைவுகளையும் அப்படி வரிசைப்படுத்தியபோது, ஒன்றுகூட என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை என்று தெரிந்தது. எல்லாம் நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் அம்மா செய்தவை.

அம்மா அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். லைன் என்றால் ஒன்றன்பின் ஒன்றாகத் தையல் மெஷின்கள். ஒருத்தி காலர் தைப்பாள், அடுத்தவள் பாக்கெட், இன்னொருத்தி கை பொருத்துவாள். கடைசி மெஷினிலிருந்து முழுச் சட்டை வெளியே வரும். நடுவில் ஒருத்தியிடம் துணி குவிந்துவிட்டால் அவளுக்குப் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். குவியாமல் பார்த்துக்கொள்வதும், குவித்தவளைத் திட்டுவதும் அம்மாவின் வேலை. தைப்பவர்களுக்கு நீலக் கோட்டு, சூப்பர்வைசருக்கு வெள்ளைக் கோட்டு. கொரட்டூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மொட்டை மாடியில் அந்த வெள்ளைக் கோட்டு எப்போதும் நடுக்கொடியில்தான் காயும்.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா அன்றைய திட்டுகளை எங்களுக்காக ஒருமுறை திருப்பிச் சொல்வாள். அதில் தவறாமல் இடம்பெறுபவள் வெள்ளானூரிலிருந்து வேலைக்கு வரும் ஓர் அக்கா. வேர்க்கடலை தின்றுகொண்டே தைப்பாளாம், சிரித்தால் நிறுத்த மாட்டாளாம். “கண்ண ஊசி மேல வைக்காத, துணி மேல வைன்னு தெனம் சொல்றேன். அவ கண்ணு ரெண்டுலயும் இல்ல, பக்கத்து மெஷின்காரி வாயில இருக்கு” என்பாள். அப்பாவும் நானும் சிரிப்போம். நான் வீட்டுப்பாடம் எழுதும்போது பராக்குப் பார்த்தாலும் அம்மா சொல்வது இதையேதான். என் நோட்டில் ஊசியும் கிடையாது, துணியும் கிடையாது என்பதை அவள் பொருட்படுத்தியதில்லை.

அந்த வருடம் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்து, இரண்டு லைன்களை ஒன்றாக்கினார்கள். ஒரு லைனுக்கு ஒரு சூப்பர்வைசர் போதும். இன்னொருத்தி டிப்ளமா படித்தவள், வயதும் குறைவு. வேலையை விட்டுப் போகிறீர்களா, பழையபடி மெஷினில் உட்காருகிறீர்களா என்று அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள். அவள் கை பொருத்தும் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். இதெல்லாம் வெகுநாள் கழித்து அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்போது எனக்குத் தெரிந்தவை வேறு. வெள்ளைக் கோட்டுக்குப் பதில் ஒரு நீலக் கோட்டு வந்தது. அது மாடிக்குப் போகாமல் குளியலறைக்குள்ளேயே காய்ந்தது. பச்சைப் பாக்கெட் பால் நின்று, விலை குறைந்த நீலப் பாக்கெட் பால் வந்தது. எங்கள் வீடு மெல்ல மெல்ல நீலமாகிக்கொண்டு வருவதாக எனக்குத் தோன்றியது. அம்மா கம்பெனி வேனில் போவதையும் நிறுத்திவிட்டாள். வேனில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது. இப்போது முன்கூட்டியே கிளம்பி, ரயிலில் பட்டரவாக்கம் போய், அங்கிருந்து நடந்தாள். வேனுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சம்பளம் குறைந்த மாதத்தில்தான் எங்கள் வீட்டில் முதன்முதலாக சீசன் டிக்கெட் வாங்கினார்கள். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. “நடந்தா ஒடம்புக்கு நல்லது” என்று மட்டும் சொன்னார்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. மூடியே கிடந்த எங்கள் வீட்டு மெஷினை அம்மா திறந்துவிட்டாள். வேலை விட்டு வந்து சமைத்து முடித்ததும் அதில் உட்கார்ந்துவிடுவாள். தீபாவளி வரப்போகிறது, எனக்கு கவுன் தைக்கிறாள் என்று முடிவு செய்து, பள்ளியில் நிறமும் சொல்லிவிட்டேன். ஆனால் மெஷினிலிருந்து வந்தவை கைகள் மட்டும்தான். பழைய போர்வையையும் அப்பாவின் வேட்டியையும் வெட்டி, தோள்பட்டை அளவுக்கு ஒரு துண்டு, அதில் ஒரு கை. தைப்பாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், நூலைப் பிரிப்பாள், மறுபடி தைப்பாள். மூலையில் உடம்பில்லாத கைகள் குவிந்தன. எனக்கு எத்தனை கை என்று அப்பாவிடம் கேட்டேன். “கை வந்துட்டா மத்தது தானா வந்துடும்” என்றார்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குக் கம்பெனிக்குக் குடும்பத்தோடு போகலாம். ஒவ்வொரு வருடமும் வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் நானும் லைன் நெடுக நடப்பேன். எல்லோரும் கன்னத்தைக் கிள்ளி, பொரி கொடுப்பார்கள். கடைசியில் சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுவேன். அந்த வருடம் போக வேண்டாம், காய்ச்சல் என்றாள் அம்மா. யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டேன். மீதியை அழுது சாதித்தேன்.

உள்ளே நுழைந்ததும் நேரே நாற்காலிக்கு ஓடினேன். வெள்ளைக் கோட்டு போட்ட வேறு யாரோ அதில் இருந்தாள். கோபப்படாமல், “அம்மா அங்க பாரு” என்று கை காட்டினாள். நடுவரிசையில் ஒரு மெஷினுக்கு முன்னால் அம்மா நீலக் கோட்டோடு குனிந்து சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். நான் திருதிருவென்று நிற்பதைப் பார்த்து, பின்வரிசையிலிருந்து ஒருத்தி சத்தமாகச் சொன்னாள். “இன்னா பாப்பா, சேரக் காணோமா? உங்கம்மா பிரமோசன் வாங்கிகினு எங்களாண்ட வந்துட்டாங்க!”

சிரிப்பு மெஷின் மெஷினாகத் தாண்டிப் போனது. அம்மாவும் சிரித்தாள், ஆனால் தலையை நிமிர்த்தவில்லை. என்ன நடக்கிறதென்று புரியாவிட்டாலும், அம்மாவைக் குறைவாக ஏதோ சொல்கிறார்கள் என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டது. அவளைக் காப்பாற்ற என்னிடம் இருந்த பெரிய பெருமையை எடுத்து விட்டேன்.

“எங்கம்மா வீட்லகூட தெனம் தைக்கிறாங்க. கை மட்டும். தைச்சு தைச்சுப் பிரிச்சுடுவாங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வரிசையில் ஒருவருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. கேலி செய்தவள் ஏற்கெனவே கையில் வைத்திருந்த தீப்பெட்டியைத் தேட ஆரம்பித்தாள். அம்மா வைத்த பொட்டின் மேலேயே மறுபடி பொட்டு வைத்தாள். அவள் காதுமடல் சிவந்திருந்தது. பக்கத்து மெஷினில் இருந்தவள் மட்டும் வேர்க்கடலைத் தோலை ஊதிவிட்டு, “இன்னாத்துக்கு வாயப் பாத்துகினு கீறீங்க? சூடத்த ஏத்துங்கடி” என்றாள். அவள்தான் வெள்ளானூர் அக்கா என்று சொல்லாமலே தெரிந்துகொண்டேன்.

ரயிலில் அம்மா என்னைத் திட்டவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். பட்டரவாக்கத்துக்கு அடுத்த நிலையமே கொரட்டூர். அதற்குள் அதைத் திருப்ப அவளால் முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மெஷினுக்கு ஒரு பொட்டு வைத்து மூடிவிட்டாள். அந்த வாரம் திறக்கவேயில்லை. என் கவுன் போச்சு என்று நான் ரகசியமாக அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வெள்ளானூர் அக்கா வந்து நின்றாள். கையில் வேர்க்கடலைப் பொட்டலம். அம்மா பதறிப்போய் மூலையிலிருந்த கைகளையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளியதை அன்றுதான் பார்த்தேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே வந்தாள். “யக்கா, கட்டிலுக்குக் கீழ இன்னாத்த தள்ளுன? எடு, பாக்கலாம்” என்றாள். கம்பெனியில் எல்லோரும் அம்மாவை மேடம் என்பார்கள். அக்கா என்கிறாளே, மரியாதை தெரியாதவள் என்று நினைத்தேன். அம்மா என்னை டிவி போடச் சொல்லி, அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமாக வைக்கவும் சொன்னாள்.

எவ்வளவு சத்தமாக வைத்தாலும் அந்த அக்காவின் குரல் கேட்டது. “கண்ண துணி மேல வையி. ஊசி இன்னா, ஓடியா பூடும்?”

கதவுக்கு வெளியே எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அது அம்மாவின் வாக்கியம். வகுப்பில் டீச்சர் சொன்னதை நாங்கள் திருப்பிச் சொல்வதுபோல, அந்த அக்காவும் திருப்பிச் சொல்கிறாள். இத்தனை நாள் திட்டியும் ஏறாததை அம்மா வீட்டுக்கே வரவழைத்து ஏற்றுகிறாள். மறுநாள் பள்ளியில், எங்கம்மா டைலரிங் கிளாஸ் எடுக்கிறாங்க என்று அறிவித்தேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அந்த அக்கா வந்தாள். ஒருநாள் அப்பா போட்ட டீயை நான் தட்டில் வைத்து அறைக்குள் கொண்டுபோனேன். மெஷினில் அம்மா உட்கார்ந்திருந்தாள், அந்த அக்கா பின்னால் நின்றிருந்தாள். டீச்சருக்குத்தான் முதலில் என்று அம்மாவிடம் நீட்டினேன். அம்மா எழுந்து, டம்ளரை வாங்கி, இரண்டு கையாலும் அந்த அக்காவிடம் கொடுத்தாள். அவள் வாங்கிக் குடிக்கும்வரை உட்காராமல் நின்றாள்.

இவ்வளவு பெரிய டீச்சர், தன்னிடம் படிக்க வந்தவளுக்கு இப்படி மரியாதை கொடுக்கிறாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதையும் பள்ளியில் போய்ச் சொன்னேன்.